எழுத்தாளனின் சவ அடக்கமும் எங்கள் டீ இடைவேளையும்: ‘தி பிளேயர்’ திரையிடல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் ஊரில் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மாலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹாலில் கூடிப் படம் பார்ப்போம். ஆறேழு வருடங்களாக இது நடக்கிறது. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர், அரசு மருத்துவமனைச் செவிலியர் இருவர் என்று முப்பது நாற்பது பேர் வருவார்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பதும், அறிவிப்பு எழுதுவதும், படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்கி வைப்பதும் என் பொறுப்பு. இங்கே எழுதப்போகும் தவறுகளில் முக்கால்வாசி அந்த மூன்று வேலைகளுக்குள் நடந்தவை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருகிறவர்களில் ஒருவர் முன்னாள் உதவி இயக்குநர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பதினான்கு வருடம் சென்னையில், வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை பகிர்ந்து தங்கி வேலை பார்த்தவர். இரண்டு படங்களில் அவர் பெயர் திரையில் வந்திருக்கிறது. சொந்தக் கதை ஒன்றை எத்தனையோ அலுவலகங்களில் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஊர் திரும்பி அப்பாவின் விதைக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னார்: “சினிமாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு உள்ள இருக்கிறவனே எடுத்த படம் இருந்தா ஒண்ணு போடு தம்பி. கதை சொல்லப் போறவன் படுற பாடு அதுல இருக்கணும்.” எனக்கு அந்த நொடியே நினைவுக்கு வந்தது ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘தி பிளேயர்’.

படத்தைப் பற்றிக் கொஞ்சம்

1992இல் வந்த அமெரிக்கப் படம். மைக்கேல் டோல்கின் 1988இல் எழுதிய தன் நாவலுக்குத் தானே திரைக்கதையும் எழுதினார். ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் கிரிஃபின் மில் என்ற அதிகாரியின் வேலை, கதை கேட்பது. வருடத்துக்கு ஐம்பதாயிரம் கதைகள் வருவதாகவும், அதில் பன்னிரண்டுக்குத்தான் சரி சொல்ல முடியும் என்றும் அவனே ஓரிடத்தில் சொல்கிறான். அவனுக்கு யாரோ ஓர் எழுத்தாளர் கொலை மிரட்டல் தபால் அட்டைகள் அனுப்புகிறார். கதை கேட்டுவிட்டு, திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, கூப்பிடாமலே விட்ட கோபம். அனுப்புவது டேவிட் கஹேன் என்ற எழுத்தாளர்தான் என்று கிரிஃபின் முடிவு கட்டுகிறான். பசடீனாவில் ஒரு தியேட்டரில் அவரைத் தேடிப்பிடிக்கிறான். அன்றிரவே, கார்கள் நிறுத்தும் இடத்தில், தேங்கிய தண்ணீரில் முகத்தை அழுத்திக் கொன்றுவிடுகிறான். அப்புறமும் தபால் அட்டைகள் வருகின்றன. செத்தவர் தவறான ஆள்.

கிரிஃபின் மாட்டிக்கொள்ளவில்லை. அடையாள அணிவகுப்பில் சாட்சி கைகாட்டுவது வரிசையில் நின்ற போலீஸ்காரரை. செத்தவரின் காதலி ஜூனையே அவன் மணக்கிறான், ஸ்டுடியோவின் தலைவனும் ஆகிறான். அந்தத் தபால் அட்டைக்காரர் கடைசியில் தொலைபேசியில் வந்து ஒரு கதை சொல்கிறார். நாம் இதுவரை பார்த்துக்கொண்டிருந்த அதே கதை. முடிவு சுபமாக இருக்கும் என்று உத்தரவாதம் கேட்டுவிட்டு கிரிஃபின் சரி சொல்கிறான்.

பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் விருதுகள் இதற்குக் கிடைத்தன. நடிகர் விருது கிரிஃபினாக நடித்த டிம் ராபின்ஸுக்கு. ஆஸ்கரில் மூன்று பரிந்துரைகள். 1980களில் ஹாலிவுட்டை விட்டு ஒதுங்கியிருந்த ஆல்ட்மனுக்கு இது மறுவருகை என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை.

அறிவிப்பு எழுதிய விதம்

வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட அறிவிப்பை இப்போது எடுத்துப் படித்தால் தவறு பளிச்சென்று தெரிகிறது. முதல் வரி, “திரைத்துறையைத் தோலுரிக்கும் உலகப் புகழ்பெற்ற நையாண்டிப் படம்.” அதன் கீழே விருதுகள். அதற்கும் கீழே, அறுபதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் சிறு வேடங்களில் தோன்றுகிறார்கள் என்ற தகவல். கடைசியில், “வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டிய படம்.”

நையாண்டி என்றால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு. நையாண்டி மேளம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாணவர்கள் 2010இல் வந்த ‘தமிழ்ப் படம்’ மாதிரி ஒன்றை எதிர்பார்த்து வந்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நான் எழுதியது அதைத்தான் சொன்னது. ‘தி பிளேயர்’ அப்படிச் சிரிக்க வைக்கிற படம் இல்லை. உதட்டோரம் லேசாகச் சிரித்துக்கொண்டே ஒரு கொலைகாரனோடு நம்மை இரண்டு மணி நேரம் நடக்க வைக்கிற படம்.

விருதுப் பட்டியலை ஏன் போட்டேன் என்று பின்னால் யோசித்தேன். ஆள் வர வேண்டுமே என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்குப் பிடித்ததற்கு வெளியிலிருந்து ஒரு முத்திரை தேவைப்பட்டது. அந்த முத்திரை பார்க்க வருகிறவர்கள் தலையில் ஒரு கடனாக உட்கார்ந்துகொள்ளும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை

முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வழக்கத்தைவிட நல்ல கூட்டம். அண்ணன் மகனையும் அழைத்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

படம் ஏறத்தாழ எட்டு நிமிட நீளமுள்ள ஒரே ஷாட்டோடு தொடங்குகிறது. ஸ்டுடியோ வளாகத்துக்குள் கேமரா வெட்டே இல்லாமல் சுற்றுகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் யாரோ யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார்கள் வருகின்றன, தபால் வண்டி கவிழ்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பாத்திரம், இந்தக் காலத்துப் படங்களில் வெட்டு வெட்டென்று வெட்டுகிறார்கள், அந்தக் காலத்தில் ஆர்சன் வெல்ஸ் எவ்வளவு நீளமான ஷாட் எடுத்தார் என்று அலுத்துக்கொள்கிறது. அதை அவர் சொல்லும்போது அந்த ஷாட்டும் வெட்டில்லாமல் போய்க்கொண்டேயிருக்கிறது. இந்த இடத்தில் ஹாலே நிமிர்ந்து உட்காரும் என்று நினைத்திருந்தேன்.

யாரும் நிமிரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது எல்லோர் கண்ணும் திரையின் அடிப்பகுதியில் இருந்தது. ஆங்கில வசன வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்ட்மன் படங்களில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வொரு நடிகருக்கும் தனி மைக் வைத்துப் பல தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் முறையை 1970களிலேயே கையாண்டவர் அவர். கேட்கிற காதுக்கு அது சந்தைக்குள் நடக்கிற மாதிரி. ஒரு பேச்சு அருகில் வரும், இன்னொன்று விலகிப் போகும், எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை. வசன வரி அப்படி வேலை செய்யாது. இரண்டு வரி வரும், போகும், அது யார் பேசியது என்று தேடுவதற்குள் அடுத்த இரண்டு வரி வந்துவிடும். கேமரா என்ன செய்கிறது என்று பார்க்க எங்கள் ஆட்களுக்கு ஒரு கண்கூட மிச்சமில்லை. மேலே நாலு மின்விசிறிகளின் சத்தம் வேறு.

முகங்களின் கதையும் அதேதான். பர்ட் ரெய்னால்ட்ஸ், ஜாக் லெமன், செர், அஞ்சலிகா ஹூஸ்டன் எல்லோரும் தாங்களாகவே வந்து, ஒரு விருந்திலோ உணவகத்திலோ இருந்துவிட்டுப் போகிறார்கள். நம்மூர்ப் படம் ஒன்றில் நாயகன் ஓட்டலுக்குள் நுழையும்போது டெல்லி கணேஷ் டெல்லி கணேஷாகவே காபி ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அது அமெரிக்கப் பார்வையாளருக்குத் தோன்றும். எங்கள் ஹாலில் அவர்கள் யாரோ சாப்பிடுகிற ஆட்கள். கடைசியில் வரும் புரூஸ் வில்லிஸையும் ஜூலியா ராபர்ட்ஸையும் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கள் வழக்கப்படி ஓர் இடைவேளை உண்டு. கொலை நடந்து கொஞ்ச நேரத்தில் நிறுத்தினேன். பரபரப்பான இடத்தில் விட்டால் திரும்பி வருவார்கள் என்ற கணக்கு. பத்து நிமிடம், டீ, முறுக்கு. மறுபடி ஓட்டியபோது பலர் இன்னும் படிக்கட்டில் டீயும் கையுமாக நின்றிருந்தார்கள். அண்ணனும் அங்கேதான் நின்றார். கதவோரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் திரையில் என்ன ஓடியது என்று ஹாலில் அநேகமாக யாரும் பார்க்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்ப வருவேன்.

பதினோரு பேர் இடைவேளையோடு கிளம்பிவிட்டார்கள்.

கலந்துரையாடலில் நான் செய்த தவறு

மிச்சம் இருபத்து மூன்று பேர். முதலில் பேசியவர் வங்கி அதிகாரி. “சார், நீங்க இவ்வளவு சொன்னீங்க. எனக்குத்தான் புரியலையோ என்னவோ.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த கூச்சம் இன்னும் என்னைத் தைக்கிறது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்த மனிதர், ஒரு படம் பிடிக்காமல் போனதற்குத் தன் அறிவைச் சந்தேகப்படுகிறார்.

ஆசிரியை ஒருவர், அந்த ஜூன் என்கிற பெண் யார் என்றே தெரியவில்லை என்றார். காதலன் செத்து நாலு நாளில் அவனைக் கொன்றவனோடு போகிறாள், அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அண்ணன் எழுந்தார். “எழுத்தாளனைக் கொன்னுட்டாங்க. சரி. அதுக்கப்புறம் அவனைப் பத்தி ஒருத்தன்கூட பேசலையே தம்பி? கொன்னவன் மாட்டுவானா மாட்ட மாட்டானான்னே படம் போவுது. நாமளும் அவன் மாட்டக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கோம். செத்தவன் வெறும் ஒரு சாக்கு.”

அப்போது நான் சொன்ன பதில்தான் அன்றைய மாலையின் மோசமான பகுதி. “அண்ணே, அதுதான் படத்தோட நோக்கமே. ஹாலிவுட் எழுத்தாளனை மறக்குற மாதிரி படமும் நம்மளை மறக்க வைக்குது. நீங்க ஏமாந்தீங்க பாருங்க, அதுதான் ஆல்ட்மனோட வெற்றி.”

சொல்லும்போது எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. விமர்சனங்களில் படித்ததும்கூட. ஆனால் இப்படி ஒரு பதில் சொல்லிவிட்டால் எந்தக் குறையையும் நோக்கம் என்று மடக்கிவிடலாம். எதிரில் நிற்பவருக்குப் பேச இடமே இருக்காது. அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “சரி தம்பி” என்றார். மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

காரணம் தேடியபோது கிடைத்தவை

இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, அன்று வந்த எல்லோரிடமும், இடையில் கிளம்பியவர்களிடமும், ஒரே ஒரு கேள்வி கேட்பது: படம் எந்த இடத்தில் உங்கள் கையை விட்டுப் போனது? ‘பிடித்ததா பிடிக்கவில்லையா’ என்று கேட்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். அப்படிக் கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள். இடத்தைக் கேட்டால் உண்மை வரும். இரண்டாவது முடிவு, நான் அண்ணனைக் கடையில் போய்ப் பார்ப்பது.

பதினெட்டுப் பேர் பதில் எழுதினார்கள். ஏழு பேர் முதல் பத்து நிமிடத்தையே குறிப்பிட்டிருந்தார்கள். உலகம் கொண்டாடுகிற அந்த ஷாட்டைத்தான். ஒரு செவிலியர் எழுதியிருந்தது: “படிச்சுக்கிட்டே இருந்தேன். பார்க்கவே இல்ல.” இன்னும் சிலர், கதை கேட்பதற்கென்று ஓர் அதிகாரி இருப்பதே விளங்கவில்லை என்றார்கள். இது எனக்குத் தோன்றாத விஷயம். நம்மூரில் கதை சொல்வது என்றால் நடிகரிடமோ தயாரிப்பாளரிடமோ சொல்வது. நடிகர் தேதி கொடுத்தால் ஃபைனான்சியர் வருவார், விநியோகஸ்தர் ஏரியா பேசுவார். மாதச் சம்பளத்துக்குக் கோட் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் மற்றவர்கள் கதைக்கு ஆமாம், இல்லை சொல்லும் ஆள் நம் சினிமா நினைவில் இல்லை. கேலி செய்யப்படுகிற ஆளையே தெரியாதபோது கேலி எப்படி விளங்கும்?

விதைக் கடையில் அண்ணனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கத்தரி விதைப் பாக்கெட்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டபடியே பேசினார். ஓர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் கதை சொன்னாராம். கேட்டவர் கண் கலங்கி, கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் கூப்பிடுறேன், எங்கேயும் போயிடாதீங்க” என்றாராம். அண்ணன் உண்மையிலேயே எங்கும் போகவில்லை. அது செல்போன் இல்லாத காலம். அறைக்குக் கீழே மளிகைக் கடையில்தான் போன். அந்தக் கடையைத் தாண்டிப் போகப் பயந்து ஐந்து வாரம் தெருமுனையிலேயே சாப்பிட்டிருக்கிறார்.

“அந்தத் தபால் அட்டை எழுதினவன் இருக்கான்ல, அவனை எனக்குத் தெரியும் தம்பி. நான் எழுதல, அவ்வளவுதான். அவன் கதையைச் சொல்லப் போறாங்கன்னுதான் நான் உட்கார்ந்தேன். கூப்பிடாம விட்டவன் கதையைச் சொல்லிட்டாங்க.”

இதைவிடத் தெளிவான விமர்சனத்தை இந்தப் படத்தைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி போட்டேன். இந்த முறை எனக்கே சில இடங்கள் இடித்தன. அத்தனை நட்சத்திரங்களும் சந்தோஷமாக வந்து நின்று, தங்களைக் கேலி செய்யும் படத்தில் தாங்களே சிரிக்கிறார்கள். அடி வாங்குகிறவர்களே விருந்தினராக வரும் இடத்தில் அடி எவ்வளவு பலமாக விழும்? ஆல்ட்மனே இதை மிகவும் மிதமான நையாண்டி என்றுதான் சொல்லியிருக்கிறார். நானோ தோலுரிக்கிறது என்று எழுதினேன்.

ஆசிரியை சொன்னதும் சரிதான். ஆனால் அவர் சொன்னதோடு, கிரிஃபினின் முந்தைய காதலியும் அதே ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவளுமான பானி என்ற பாத்திரத்தையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. படத்துக்குள் ஒரு படம் எடுக்கிறார்கள். நட்சத்திரம் வேண்டாம், சோக முடிவுதான் என்று அடம் பிடித்த எழுத்தாளரே, மாதிரித் திரையிடலில் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்றதும் முடிவை மாற்றிக்கொள்கிறார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பவள் பானி மட்டும்தான். அதற்காக அவளுக்கு வேலை போகிறது. செருப்பின் குதிகால் உடைந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள். படம் அந்த அழுகையைச் சில நொடி பார்த்துவிட்டுக் கிரிஃபின் பின்னால் போய்விடுகிறது.

மறுதிரையிடல்

இரண்டு மாதம் கழித்து இதே படத்தை மீண்டும் போடுவது என்று முடிவு செய்தோம். குழுவில் எதிர்ப்பு இருந்தது. பிடிக்காத படத்தை ஏன் திணிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நான் சொன்ன காரணம் இது: படம் பிடிக்காமல் போவது வேறு, பார்க்கவே முடியாமல் போவது வேறு. முதல் தடவை இரண்டும் கலந்துவிட்டன. எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிடிக்கச் செய்வது நோக்கமில்லை என்று அறிவிப்பிலேயே எழுதினோம். விருது, புகழ் பற்றி ஒரு வார்த்தை போடவில்லை. “கதை கேட்கும் அதிகாரி ஒருவன், கதை சொல்ல வந்த ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பிக்கிறான். சிரிப்புப் படம் இல்லை. சென்ற முறை பலருக்குப் பிடிக்கவில்லை.” இவ்வளவுதான் அறிவிப்பு.

முழுப் படத்துக்கும் தமிழ் வசன வரி தயாரிக்க எனக்கு நேரமில்லை. முதல் ஷாட், கொலைக்கு முந்தைய பேச்சு, அப்புறம் சவ அடக்கம் ஆகிய மூன்றுக்கு மட்டும் செய்தேன். முதல் ஷாட்டில் எல்லாப் பேச்சையும் போடாமல், ஒரு நேரத்தில் ஒரு குரலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் கண் மேலே போக வேண்டும் என்றால் கீழே எழுத்து குறைய வேண்டும். யார் என்ன கதை சொல்கிறார்கள் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன். 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தின் திரைக்கதையில் பங்கு கொண்ட பக் ஹென்றியே இங்கே வந்து அதன் இரண்டாம் பாகத்தைக் கூவி விற்கிறார் என்பது தெரிந்தால்தானே அந்த இடத்தில் சுருக்கென்று இருக்கும்.

படத்துக்கு முன்னால் 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை ஓட்டினோம். இது ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் யோசனை. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா அப்பாவிடம் பேய்க் கதை சொல்ல, பாலையா நடுங்குகிற அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருந்தாலும் ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே ஆல்ட்மனின் முதல் ஷாட் தொடங்கியது. கதை சொல்கிறவன், கேட்கிறவன், இருவருக்கும் நடுவே பணம் என்ற ஏற்பாட்டுக்குள் எல்லோரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மின்விசிறிகளில் இரண்டை நிறுத்தினோம். இடைவேளை விடவில்லை. டீயைப் படத்துக்கு முன்பே கொடுத்துவிட்டோம்.

விளைவு

இருபத்தொரு பேர் வந்தார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. பிடித்ததா என்றால், பாதிப் பேருக்கு இன்னும் பிடிக்கவில்லை. வங்கி அதிகாரி சொன்னது: “இப்போ புரிஞ்சுது சார். புரிஞ்சும் பிடிக்கல. ரொம்பக் குளிர்ச்சியான படம், யார் மேலயும் பாசமே இல்ல.” முதல் முறை சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம். இந்தத் தடவை குறை படத்தில் இருக்கிறது என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். நான் மறுக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பேச்சைத் தொடங்கும் பொறுப்பையும் அன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியைதான் தொடங்கினார். ஜூன் பற்றிய தன் கருத்தில் அவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அண்ணன் வந்திருந்தார். நான் போய் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார். கொலைக்குச் சற்று முன்னால் கஹேன், தன்னால் எழுத முடியும், உன்னால் என்ன முடியும் என்று கிரிஃபினைப் பார்த்துக் கேட்கிறார். அந்த வரி தமிழில் வந்தபோது அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் சவ அடக்கம் வந்தது. முதல் திரையிடலில் டீ இடைவேளை தின்றுவிட்ட காட்சி இதுதான். கல்லறையில் கஹேனின் நண்பர் ஒருவர், செத்தவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த திரைக்கதைப் பக்கத்தை வாசிக்கிறார். இருட்டு. சொறிநாய் குரைக்கும் சத்தம். குப்பைத் தொட்டிகளைத் திறந்து சாப்பாடு தேடுகிறவர்கள். பழைய விடுதி அறையில் அலாரம் அடிக்கிறது. கேமரா அறைக்குள் நகர்கிறது, மஞ்சளேறிய ஜன்னல் மறைப்பின் ஓட்டைகள் வழியே வெளிச்சம், அதில் பூச்சிகள். தரையோடு கீழிறங்கி, நைந்த விரிப்பைக் கடந்து, ஒரு பழைய ஷூவில் போய் நிற்கிறது. ஷூ காலியாக இருக்கிறது. அதுவரைதான் எழுதியிருந்தார் என்று சொல்லி நண்பர் முடிக்கிறார்.

படம் முடிந்ததும் அண்ணன், அதை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். “போன தடவை ஒருத்தனும் பேசலன்னு சொன்னேன்ல, தப்பு. பேசியிருக்கான். நான் படியில நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார். அந்தப் படியில் அவரை நிறுத்தியது என் இடைவேளை. அதை அங்கேயே எல்லோர் முன்னும் சொன்னேன்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். செத்தவர் எழுதியிருப்பது ஒரு ட்ராலி ஷாட். படத்தின் முதல் ஷாட்டும் அதுதான், வெட்டாமல் நகர்கிற கேமரா. “அங்க எல்லாரும் விக்கிறாங்க. இங்க ஒருத்தன் பார்க்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.” இருபது வருடமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை.

மாற்றிக்கொண்டவை

அறிவிப்பில் இப்போது விருதுகளைப் போடுவதில்லை. கேட்பவர்களுக்குப் படம் முடிந்து சொல்கிறோம். பேச்சு நிறைய உள்ள வெளிநாட்டுப் படமென்றால், முதல் கால் மணி நேரத்துக்காவது தமிழ் வரிகள் தயாரிக்கிறோம். இந்த வேலையை இப்போது இரண்டு மாணவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கிறது. இடைவேளையை முழுக்க நிறுத்த முடியவில்லை, வயதானவர்கள் இருக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்கிறோம். இடைவேளைக்குப் பின் ஹால் நிறைந்து கதவு சாத்திய பிறகுதான் படம் ஓடும். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் முதல் அரைமணி நேரம் பேசக் கூடாது என்பதும் வழக்கமாகிவிட்டது. எனக்கு இது கஷ்டம். இருந்தாலும் கடைப்பிடிக்கிறேன்.

தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அண்ணன் கேட்டது கதை சொல்லப் போகிறவனின் படம். நான் கொடுத்தது கதை கேட்கிறவனின் படம். அந்த வித்தியாசத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தால், அவருக்கு அன்று அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தச் சவ அடக்கக் காட்சியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது செத்தவரின் எழுத்தைக் கேலி செய்ய வைத்த காட்சி, தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ளும் எழுத்தாளர்களையும் ஆல்ட்மன் விடவில்லை என்பது என் எண்ணம். ஆசிரியையும் என் பக்கம். அண்ணன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். “கிண்டல் பண்ணணும்னா நாய் குரைக்கிறதோட நிறுத்தியிருப்பான் தம்பி. ஷூ வரைக்கும் படிக்க விட்டிருக்க மாட்டான்.”